கூடு பூமிக்குள் தண்ணீர் எங்கே நிற்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூமி உள்ளே கெட்டியாக இல்லை, தேங்காய் ஓடு மாதிரி வெறும் கூடு, அதன் உள்சுவரில் கடலும் காடும் மனிதர்களும் இருக்கிறார்கள் என்று சொல்லும் வீடியோக்கள் அவ்வப்போது கைப்பேசிகளில் சுற்றி வருகின்றன. நான் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவன். அப்படி ஒரு வீடியோ வந்த வாரத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "சார், உள்ளே கடல் இருந்தா அது எதைப் புடிச்சிக்கிட்டு நிக்கும்?" என்று கேட்டாள். இந்தக் கொள்கையைப் பற்றி நான் கேட்ட கேள்விகளிலேயே சிறந்தது அதுதான். அன்றிலிருந்து பிள்ளைகளும் பெற்றோரும் கேட்டவற்றை எழுதி வைத்து, ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவை இங்கே.

இந்தக் கொள்கையை யார் ஆரம்பித்தது?

பூமிக்கு அடியில் வேறு உலகம் இருக்கிறது என்ற நம்பிக்கை எல்லா நாட்டிலும் பழையது. அதை அறிவியல் கருத்தாக முதலில் முன்வைத்தவர் எட்மண்ட் ஹாலி, 1692-இல். ஆமாம், வால்நட்சத்திரத்துக்குப் பெயர் தந்த அதே ஹாலிதான். வெளியே 500 மைல் தடிமனுள்ள ஓடு, அதற்குள் இடைவெளி விட்டு ஒன்றுக்குள் ஒன்றாக இன்னும் சில உருண்டைகள் என்று அவர் பூமியை வரைந்தார்.

அப்புறம் 1818-இல் அமெரிக்காவில் ஜான் க்ளீவ்ஸ் சிம்ஸ் என்ற முன்னாள் ராணுவ கேப்டன், பூமி உள்ளே வெற்றிடம், அங்கே வாழவும் முடியும், இரண்டு துருவங்களிலும் வாசல் திறந்திருக்கிறது என்று துண்டறிக்கை அச்சடித்து ஊர் ஊராக அனுப்பினார். அவர் சொன்ன ஓட்டின் தடிமன் சுமார் 1,300 கி.மீ., துருவ வாயின் அகலம் சுமார் 2,300 கி.மீ. கப்பல் கொடுங்கள், நானே போய்க் காட்டுகிறேன் என்று அமெரிக்க நாடாளுமன்றம் வரை மனு போனது. 1913-இல் மார்ஷல் கார்டனர் என்பவர் உள்ளே ஒரு குட்டிச் சூரியனையும் சேர்த்தார். இன்று வீடியோக்களில் வருவது பெரும்பாலும் சிம்ஸும் கார்டனரும் கலந்த கலவை. ஆகவே கீழே கணக்குகளுக்கு சிம்ஸின் 1,300 கி.மீ. ஓட்டையே எடுத்துக்கொள்கிறேன்.

ஹாலி பெரிய விஞ்ஞானி ஆயிற்றே, அவர் ஏன் அப்படி நினைத்தார்?

இரண்டு காரணங்கள். இரண்டுமே அந்தக் காலத்துக்கு நியாயமானவை.

முதலாவது காந்த ஊசி. லண்டனில் திசைகாட்டியின் முள் 1580-இல் நேர் வடக்கிலிருந்து கிழக்கே 11 பாகைக்கு மேல் விலகி நின்றது. 1657-இல் நேர் வடக்கைக் காட்டியது. 1692-இல் மேற்கே 6 பாகை போய்விட்டது. கெட்டியான பூமிக்குள் பதிந்து கிடக்கும் காந்தம் இப்படி நகருமா? உள்ளே ஏதோ ஒன்று நம்மோடு ஒட்டாமல் தனியாகச் சுழல வேண்டும் என்று ஹாலி முடிவுக்கு வந்தார். ஓட்டுக்குள் உருண்டை என்ற படம் அங்கிருந்துதான் பிறந்தது.

இரண்டாவது நிலா. நியூட்டன் 1687-இல் கடல் ஏற்றவற்றத்தை வைத்து நிலாவின் நிறையைக் கணக்கிட்டபோது, நிலாவின் அடர்த்திக்கும் பூமியின் அடர்த்திக்கும் உள்ள விகிதம் 9-க்கு 5 என்று வந்தது. ஒரே மாதிரி பொருளால் ஆன இரண்டு உருண்டைகளில் ஒன்று ஏன் இத்தனை லேசு? பூமியின் ஒன்பதில் நான்கு பங்கு வெற்றிடம் என்று வைத்தால் சரியாகப் போகிறதே என்றார் ஹாலி. நியூட்டனின் அந்த எண் தவறு. உண்மையில் நிலாவின் சராசரி அடர்த்தி நீரைப் போல 3.34 மடங்கு, பூமியுடையது 5.51 மடங்கு.

நிலாக் கணக்கு தவறிப்போனாலும் காந்த ஊசியைப் பற்றிய அவர் உள்ளுணர்வு தவறவில்லை. பூமிக்குள் ஒன்று தனியாக நகர்கிறதுதான். அது 2,900 கி.மீ. ஆழத்தில் தொடங்கும் உருகிய இரும்புக் கருவம்.

மேலே இருக்கும் கடல் ஓட்டின் விரிசல் வழியாக உள்ளே ஒழுகிவிடாதா?

இதை ஹாலியே தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். அதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும். தன் கருத்தில் எங்கே தண்ணீர் ஒழுகும் என்று தானே தேடிப் பார்த்தவர். கடல் நீரில் உள்ள உப்பும் கந்தகச் சத்தும் விரிசலில் படிந்து கல்லாக இறுகிப் போகும், ஓடு தன்னைத்தானே பூசிக்கொள்ளும் என்பது அவர் தந்த பதில். சுண்ணாம்பு நீர் சொட்டும் குகைகளில் கல் வளர்வதைப் பார்த்தவர்களுக்கு அது அபத்தமாகத் தோன்றியிருக்காது.

அவர் பயந்ததும் சரிதான். ஓட்டுக்குள் எந்த ஆழத்திலும் ஈர்ப்பு உள்நோக்கித்தான் இழுக்கும். வெளிப்பரப்பில் முழு வலிமை. ஆழம் போகப் போகக் குறைந்து, உள்சுவரைத் தொடும்போது பூஜ்யம். ஆகவே வழி கிடைத்த தண்ணீர் எல்லாம் உள்ளே போகும், திரும்பி வராது. இந்த "திரும்பி வராது" என்பதை மறக்காதீர்கள், துருவ வாசல் கேள்வியில் மறுபடி வரும்.

உள்சுவரில் ஒருவர் நிற்க முடியுமா? அவர் காலடியில்தானே 1,300 கி.மீ. பாறை இருக்கிறது, அது இழுக்காதா?

இழுக்கும். ஆனால் தலைக்கு மேலே, எதிர்ப்பக்கத்தில், முழு உலகமும் இருக்கிறதே, அதுவும் இழுக்கும்.

ஒரு டார்ச் லைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டறையில் சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்று அடித்தால் சின்ன வட்டம் விழும். இரண்டு மீட்டர் தள்ளிப் போனால் வட்டத்தின் பரப்பு நான்கு மடங்கு. மூன்று மீட்டரில் ஒன்பது மடங்கு. தூரத்தின் வர்க்கம் அளவுக்கு வட்டம் பெரிதாகிறது. ஈர்ப்போ இதற்கு நேர்மாறு: இரண்டு மடங்கு தூரத்தில் கால்பங்கு, மூன்று மடங்கில் ஒன்பதில் ஒரு பங்கு.

இப்போது கூட்டுக்குள் எங்காவது நின்றுகொண்டு, இரண்டு முனையிலும் வெளிச்சம் வரும் டார்ச் ஒன்றைப் பிடிப்பதாக நினையுங்கள். ஒரு வட்டம் பக்கத்துச் சுவரில் சின்னதாக விழும், இன்னொன்று எதிர்ச்சுவரில் பிரம்மாண்டமாக விழும். பக்கத்து வட்டத்தில் பாறை குறைவு, ஆனால் கிட்டே இருப்பதால் இழுப்பு அதிகம். எதிர் வட்டத்தில் பாறை ஏராளம், ஆனால் தூரம். கூடுதலும் குறைவும் ஒரே அளவு என்பதால் இரண்டும் சரிசமமாக அடித்துக்கொண்டு போய்விடும். டார்ச்சை எந்தப் பக்கம் திருப்பினாலும் இதே கதைதான். ஆகவே சீரான உருண்டை ஓட்டுக்குள், நடுவிலானாலும் சுவர் ஓரத்திலானாலும், ஓட்டின் மொத்த இழுப்பு பூஜ்யம்.

இதை நியூட்டன் 1687-லேயே நிரூபித்துவிட்டார். ஹாலி எழுதியதற்கு ஐந்து ஆண்டு முன்பு, அதுவும் ஹாலியே கைக்காசு போட்டு அச்சிட்ட நூலில்.

ஈர்ப்பின் மையம் ஓட்டின் தடிமனுக்கு நடுவில் இருக்கிறது, அதனால் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளலாம் என்கிறார்களே?

மிக அதிகமாகப் பரவிய தவறு இதுதான், புரிந்துகொள்ளக்கூடிய தவறும்கூட. தட்டையான, முடிவில்லாமல் நீளும் பலகை ஒன்று விண்வெளியில் தனியாக இருந்தால் அதன் இரண்டு பக்கமும் நிற்கலாம். நம் மனம் ஓட்டின் ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுத்து, அதைப் பலகையாகக் கற்பனை செய்துகொள்கிறது. துண்டைத் திரும்ப ஓட்டில் பொருத்தியதும் மீதி ஓடு முழுவதும் எதிர்ப்பக்கமிருந்து இழுக்கத் தொடங்கிவிடும். வெளியே நிற்பவனுக்கு அந்த மீதியும் காலடிப் பக்கமே இருப்பதால் இழுப்பு கூடுகிறது. உள்ளே நிற்பவனுக்கு அது தலைக்கு மேலே போய்விடுகிறது. கணக்கில் மாறுவது இந்த ஒன்றுதான்.

பூமி சுழல்கிறதே! சொம்பில் தண்ணீர் ஊற்றிச் சுற்றினால் சிந்தாமல் இருக்கிறது. அதுபோல உள்சுவரில் ஒட்டிக்கொள்ளாதா?

நல்ல கேள்வி. இதற்கு "ஆமாம், ஆனால்" என்றுதான் பதில் சொல்ல வேண்டும்.

சொம்பை நாம் வினாடிக்கு ஒரு சுற்று சுற்றுகிறோம். பூமி நாளைக்கு ஒரு சுற்று. சிம்ஸின் கூட்டில் நிலநடுக்கோட்டுக்கு நேர் உள்ளே இருக்கும் சுவர் வினாடிக்கு 370 மீட்டர் வேகத்தில் போகிறது என்பது உண்மை. ஆனால் வளைவு அவ்வளவு பெரியது என்பதால், அந்த வேகம் சுவரோடு அழுத்தும் விசை நம் ஈர்ப்பில் சுமார் 360-இல் ஒரு பங்குதான் வருகிறது.

அதை உடம்பில் உணர்ந்து பார்ப்போம். வெளியே 60 கிலோ இருப்பவர் அங்கே 165 கிராம் இருப்பார், ஒரு டம்ளர் தண்ணீரின் கனம்கூட இல்லை. வெளியே அரை மீட்டர் எம்பிக் குதிப்பவர் அங்கே 180 மீட்டர் போவார். இடுப்பு உயரத்திலிருந்து சாவிக்கொத்தை விட்டால் தரையைத் தொட எட்டு வினாடிக்கு மேல் ஆகும்; இங்கே அரை வினாடிகூட ஆகாது. தம்ளரைச் சாய்த்தால் தண்ணீர் விழாது. விளிம்பில் திரண்டு, பெரிய குமிழாகத் தொங்கி, யோசித்து யோசித்து இறங்கும்.

இது நடுக்கோட்டில் மட்டும். துருவத்தை நோக்கிப் போகப் போகச் சுழலும் வட்டம் சிறுத்துக்கொண்டே வரும், விசையும் தேயும். அதோடு அந்த விசை சுழல் அச்சிலிருந்து நேர் வெளியே தள்ளுமே தவிர, சுவருக்குச் செங்குத்தாக அழுத்தாது. அதனால் நடுக்கோட்டைத் தவிர எங்கே நின்றாலும் தரை சரிவாகவே இருக்கும். 60 பாகை அட்சத்தில் நிற்பவருக்கு அது செங்குத்துப் பாறை ஏறுவது போல. அங்கே வைத்த எதுவும் மெதுவாக நடுக்கோட்டை நோக்கிச் சறுக்கும்.

சரி, அப்படியானால் உள்ளே கடல் எப்படித்தான் இருக்கும்?

அந்த மாணவியின் கேள்வி இது. இதில் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்தேன்.

வெளியே உள்ள பெருங்கடல்களின் மொத்த நீரும், சுமார் 133 கோடி கன கிலோமீட்டர், உள்ளே இருப்பதாக வைத்துக்கொள்வோம். சுழற்சி மட்டும்தான் பிடிமானம் என்றால் அந்த நீர் உள்சுவர் முழுக்கப் பரவாது. நடுக்கோட்டை ஒட்டி ஒரே ஒரு பட்டையாகச் சேரும், குடத்தின் வயிற்றில் உள்பக்கமாக ஒட்டிய வளையம் மாதிரி. அதன் மேற்பரப்பு நம் கடல் போல உருண்டையாகவும் இருக்காது. அச்சுக்கு இணையான உருளையின் சுவராக இருக்கும். கணக்குப் போட்டால் பட்டையின் அகலம் சுமார் 1,370 கி.மீ., நடு ஆழம் சுமார் 46 கி.மீ. வருகிறது. நம் கடலின் மிக ஆழமான மரியானா அகழி 11 கி.மீ.தான்.

இது தோராயக் கணக்கு. 46 கி.மீ. ஆழ நீருக்குத் தானே ஓர் ஈர்ப்பு உண்டு. இந்த மெல்லிய சுழற்சி விசையின் பக்கத்தில் அது சின்னது அல்ல, கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு. அதையும் சேர்த்தால் பட்டையின் வடிவம் மாறும். ஆனால் இரண்டு துருவப் பக்கமும் பரந்து காய்ந்து கிடக்கும் என்பது மாறாது. பச்சைக் காடும் வளைந்தோடும் ஆறும் வரைந்து காட்டும் படங்களில், அந்த ஆறு எந்தப் பள்ளத்தை நோக்கி ஓடுகிறது என்று தேடிப் பாருங்கள். ஒரே பள்ளம்தான் உண்டு, நடுக்கோடு.

மழை? மேகத்திலிருந்து துளி விழுவதற்குக் கீழே என்ற திசை வேண்டும். அங்கே துளிகள் காற்றில் மிதந்து, ஒன்றோடொன்று மோதி, ஒட்டி, வளர்ந்துகொண்டே போகும். விண்வெளி நிலையத்தில் வீரர்கள் தண்ணீர் உருண்டையை மிதக்கவிட்டு விளையாடுவதைப் பார்த்திருப்பீர்கள், அதுபோல.

துருவத்தில் வாசல் இருந்தால் கடல் வளைந்து உள்ளே தொடருமா?

சிம்ஸ் அப்படித்தான் நினைத்தார். கப்பல் விளிம்பைச் சுற்றி, யாருக்கும் தெரியாமலே உள்ளே போய்விடும் என்றார்.

முன்பு சொன்ன "திரும்பி வராது" இங்கே வருகிறது. வெளிப்பரப்பிலிருந்து பார்த்தால் கூட்டின் உட்புறம் முழுவதும் தாழ்வான இடம். உள்ளே இழுப்பு பூஜ்யம் என்பதால் அது மேடு ஆகிவிடாது. அது பள்ளத்தின் தட்டையான அடித்தளம். மேலிருந்து அடித்தளத்துக்கு வர 1,300 கி.மீ. இறங்க வேண்டும். வாசல் திறந்திருந்தால் கடல் வளையாது, கொட்டும். உள்ளே இருக்கும் வெற்றிடத்தின் கொள்ளளவு எல்லாப் பெருங்கடல்களையும் சேர்த்ததைப் போல சுமார் 400 மடங்கு. ஆகவே அது நிரம்பி நின்றுபோகும் என்ற பேச்சுக்கே இடமில்லை. கடல் முழுவதும் வடிந்துவிடும், காற்றும் பின்னாலேயே போய்விடும். வெளியே நாம் மூச்சுவிடவும் குடிக்கவும் ஒன்றும் மிஞ்சாது.

கடற்கரையில் நிற்கும் யாரும் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம். கடல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

உள்சூரியன் தண்ணீரைப் பிடித்து வைக்காதா?

எதிர்மாறாக நடக்கும். ஓடு இழுக்காத இடத்தில் நடுவே நிறையுள்ள ஒன்றை வைத்தால், சுவரில் உள்ள தண்ணீரும் மனிதரும் அதை நோக்கி விழுவார்கள். இன்னொரு சிக்கல்: ஓடு அதன்மேல் எந்த விசையும் செலுத்தாததால் அந்தச் சூரியனை நடுவிலேயே நிறுத்தி வைக்கவும் எதுவும் இல்லை. லேசாக ஒரு தட்டு தட்டினால் நகர்ந்துகொண்டே போய் ஒருநாள் சுவரில் மோதும்.

செயற்கைக்கோள் படத்தில் வட துருவத்தில் கறுப்பு ஓட்டை தெரிகிறதே?

1968 நவம்பரில் எஸ்ஸா-7 என்ற வானிலைச் செயற்கைக்கோள் எடுத்த படம் அது. ஒரே படம் அல்ல, ஒரு நாள் முழுக்க எடுத்த பல படங்களை ஒட்டிய ஒட்டுப்படம். நவம்பரில் வட துருவத்தில் சூரியன் உதிப்பதே இல்லை. வெளிச்சம் விழாத பகுதி கறுப்பாகப் பதிந்தது.

துருவத்தில் இருப்பது கடல். 1958-இல் நாட்டிலஸ் என்ற அமெரிக்க நீர்மூழ்கி பனிக்கு அடியில் துருவத்தைக் கடந்தது. 2007 ஆகஸ்டில் ரஷ்யாவின் மிர் நீர்மூழ்கிகள் அங்கேயே கீழே இறங்கி, 4,261 மீட்டர் ஆழத்தில் கடல்தரையைத் தொட்டன. தென் துருவத்தில் 1957 முதல் ஆட்கள் ஆண்டு முழுவதும் தங்கி வேலை செய்கிறார்கள்.

அட்மிரல் பேர்ட் 1947-இல் வட துருவத்துக்கு அப்பால் பறந்து பசுமையான நிலம் பார்த்தாரே?

1947 பிப்ரவரியில் ரிச்சர்ட் பேர்ட் இருந்தது அன்டார்க்டிகாவில், அமெரிக்கக் கடற்படையின் பெரும் பயணம் ஒன்றில். பூமியின் மறுமுனை அது.

உள்ளே போய் யாரும் பார்க்கவில்லையே, கெட்டி என்று எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்?

தர்பூசணியை வெட்டாமலே தட்டிப் பார்த்தும் கையில் தூக்கிப் பார்த்தும் வாங்குகிறோம். பூமிக்கும் அதேதான் செய்தார்கள்.

முதலில் தூக்கிப் பார்த்தது. 1798-இல் ஹென்றி கேவன்டிஷ் தன் வீட்டு வளாகத்தில் ஒரு மூடிய அறைக்குள் ஈயக் குண்டுகளைத் தொங்கவிட்டு, அவை ஒன்றையொன்று இழுக்கும் மிக நுண்ணிய விசையை, காற்றோட்டம் கெடுத்துவிடாமல் இருக்க வெளியிலிருந்து தொலைநோக்கியால் பார்த்து அளந்தார். அதிலிருந்து பூமியின் சராசரி அடர்த்தி நீரைப் போல சுமார் ஐந்தரை மடங்கு என்று வந்தது. நம் காலடிப் பாறை 2.7 மடங்குதான். வெளியே லேசான பாறை, சராசரியோ இரண்டு மடங்கு கனம் என்றால் உள்ளே கனமான ஏதோ இருக்க வேண்டும். வெற்றிடம் இருந்தால் கணக்கு தலைகீழாகப் போகும். சிம்ஸின் கூட்டுக்கு பூமியின் நிறை வர வேண்டுமானால், அந்த 1,300 கி.மீ. ஓடு முழுவதும் ஏறக்குறைய ஈயத்தின் அடர்த்தியில் இருக்க வேண்டும். அந்த ஓடு தன் கனத்தைத் தானே தாங்கவும் வேண்டும். அதில் வரும் அழுத்தம் கருங்கல் தாங்குவதைப் போலப் பல நூறு மடங்கு. நொறுங்கி உள்ளே சரிந்துவிடும்.

அடுத்தது தட்டிப் பார்த்தது. நிலநடுக்கம்தான் தட்டு. ரிச்சர்ட் ஓல்டாம் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்தவர். 1897 ஜூன் 12 அசாம் பெரு நிலநடுக்கத்தின் பதிவுகளை வைத்து, பூமிக்குள் வெவ்வேறு வேகத்தில் ஓடும் அலைகளைப் பிரித்தறிந்தார். 1906-இல் நடுவே அலை வேகம் மாறும் ஒரு கருவம் இருப்பதைக் காட்டினார். 1936-இல் டென்மார்க்கைச் சேர்ந்த இங்கெ லேமன் என்ற பெண்மணி, அந்தத் திரவக் கருவத்துக்குள்ளும் கெட்டியான இன்னொரு உருண்டை இருப்பதைக் கண்டுபிடித்தார். ஆரம் சுமார் 1,220 கி.மீ. பெரிய நிலநடுக்கம் நடந்து சுமார் 20 நிமிடத்தில் அதன் அலை பூமியின் நடு வழியே நேராகப் புகுந்து மறுபக்கம் வந்து சேர்கிறது. வெற்றிடத்தின் வழியே அலை வராது.

மூன்றாவது, சுழற்றிப் பார்த்தது. நிறை நடுவில் குவிந்திருக்கிறதா, ஓரத்தில் இருக்கிறதா என்பதைச் சுழலும் விதமே சொல்லிவிடும். அதை ஓர் எண்ணாகச் சொல்வார்கள்; நிறை ஓரத்துக்குப் போகப் போக எண் கூடும், நடுவில் குவியக் குவியக் குறையும். சீரான கெட்டி உருண்டைக்கு அந்த எண் 0.4. சிம்ஸின் கூட்டுக்கு சுமார் 0.55. பூமியின் அச்சு 26,000 ஆண்டுக்கு ஒருமுறை பம்பரம் போல் தலையாட்டுவதையும் அதன் நடுப்பகுதி புடைத்திருப்பதையும் வைத்துக் கிடைப்பது 0.33. 0.4-க்கும் கீழே. அதாவது நடுவில்தான் கனம்.

செயற்கைக்கோள் ஈர்ப்பை அளக்குமாமே, அதில் வெற்றிடம் தெரியாமல் போக வாய்ப்பு உண்டா?

2002-இல் ஏவிய கிரேஸ் என்ற இரட்டைச் செயற்கைக்கோள்கள் சுமார் 220 கி.மீ. இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்தன. கீழே கனம் கூடினாலோ குறைந்தாலோ அந்த இடைவெளி மயிரிழை மாறும். அதை வைத்து ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா பகுதியில் 2002-க்கும் 2008-க்கும் இடையில் 109 கன கி.மீ. நிலத்தடி நீர் குறைந்ததைக் கண்டார்கள். விவசாயிகள் மோட்டார் போட்டு இறைத்த கிணற்றுத் தண்ணீர் அது. வானத்திலிருந்து அதையே எடைபோட முடிகிறது. ஒரு நாட்டின் அளவுக்கு எங்காவது வெற்றிடம் இருந்தால் தப்பாது.

600 கி.மீ. ஆழத்தில் பெருங்கடல் இருப்பதாக விஞ்ஞானிகளே சொன்னார்களே?

2014-இல் வந்த செய்தி. பிரேசிலில் ஜுயினா என்ற இடத்தில் கிடைத்த, பார்க்க அழுக்காக இருந்த ஒரு சின்ன வைரத்துக்குள் ரிங்வுடைட் என்ற கனிமத்தின் துணுக்கு மாட்டிக்கொண்டிருந்தது. 410-க்கும் 660-க்கும் இடைப்பட்ட கி.மீ. ஆழத்தில் மட்டுமே உருவாகும் கனிமம் அது. எடையில் ஏறக்குறைய 1.5 சதவீதம் நீர் அதில் இருந்தது.

நீர் என்றதும் அலையடிக்கும் கடலை நினைத்துவிட்டார்கள். அங்கே ஈரம்கூட இல்லை. நீரின் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் படிகத்தின் கட்டமைப்புக்குள் பிணைந்திருக்கின்றன, காய்ந்த சிமெண்ட் சுவருக்குள் அன்று ஊற்றிய தண்ணீர் பிணைந்திருப்பதைப் போல. கெட்டியான பாறைதான், வெற்றிடம் அல்ல. இருந்தாலும் மொத்தமாகச் சேர்த்தால் அளவு பெரிதாக இருக்கலாம் என்பது உண்மையிலேயே வியக்க வைக்கும் கண்டுபிடிப்பு. கூடு பூமிக்காரர்களின் கையில் போய் அது கெட்டுப்போவதில் எனக்கு வருத்தம் உண்டு.

ஆறுகளுக்கும் ஊற்றுகளுக்கும் தண்ணீர் பூமிக்குள்ளிருந்துதானே வருகிறது?

ஐரோப்பாவில் நெடுங்காலம் அப்படித்தான் நம்பினார்கள். 1665-இல் கிர்ச்சர் என்ற பாதிரியார், வட துருவத்தில் கடல் சுழித்து உள்ளே போய், பூமியைக் குடைந்து, தென் துருவத்தில் வெளியே வருவதாகப் படமே வரைந்தார். மழை மட்டும் ஆறுகளுக்குப் போதாது என்று அவர்களுக்குத் தோன்றியதுதான் காரணம்.

அளந்தபிறகு அது மாறியது. 1674-இல் பியர் பெரோ என்பவர் பிரான்சின் சேன் நதியின் தலைப்பகுதியில் பெய்யும் மழையை அளந்து, ஆற்றில் ஓடுவதைப் போல ஆறு மடங்கு மழை பெய்கிறது என்று காட்டினார். 1687-இல் ஒருவர் ஒரு தட்டில் உப்புத் தண்ணீரை வைத்து, கோடைக்காற்றின் சூட்டுக்குக் காயவைத்து, எடை குறைவதைப் பார்த்தார். அதைக் கொண்டு மத்தியதரைக் கடலிலிருந்து நாளைக்கு 528 கோடி டன் நீர் ஆவியாகிறது, ஆறுகள் கொண்டுவந்து சேர்ப்பதோ 183 கோடி டன்தான் என்று கணக்கிட்டார். ஆவியாகும் நீரே மழைக்கும் ஆற்றுக்கும் தாராளம். அந்த ஒருவர் எட்மண்ட் ஹாலி.

நம் புராணங்களில் வரும் பாதாளமும் இதுதானா?

அதலம் தொடங்கிப் பாதாளம் வரை கீழே ஏழு உலகம் என்கிறோம். பாதாளம் இந்திரலோகத்தைவிட அழகானது என்று நாரதர் சொன்னதாக விஷ்ணு புராணத்தில் வருகிறது. கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கும் கொக்கிக்குப் பாதாளக் கரண்டி என்று பெயர் வைத்தவர்கள் நாம். அந்தச் சொல் நமக்கு அவ்வளவு நெருக்கம். அவற்றை அவற்றின் இடத்தில் வைத்துப் படிப்பதே மரியாதை என்பது என் எண்ணம். ஹாலியின் ஓட்டுக்கும் அவற்றுக்கும் தொடர்பு இல்லை.

இலங்கைக்குத் தெற்கே கடலில் ஈர்ப்புப் பள்ளம் இருக்கிறதாமே? உள்ளே வெற்றிடம் இருப்பதால்தானா?

பள்ளம் உண்மை. உலகிலேயே பெரியது அது. கன்னியாகுமரிக்கும் இலங்கைக்கும் தெற்கே, 30 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த இடத்தில், ஈர்ப்பு கொஞ்சம் குறைவு. அதனால் அங்கே கடல்மட்டம், கணக்கிட்ட சீரான பூமி வடிவத்தைவிட 106 மீட்டர் வரை தாழ்ந்திருக்கிறது. தண்ணீரும் ஈர்ப்பும் எவ்வளவு நெருங்கியவை என்பதற்கு நம் பக்கத்திலேயே இருக்கும் சாட்சி.

அதன் மேல் போகும் கப்பல் பள்ளத்தில் இறங்குவதை உணராது. சரிவு ஆயிரம் கி.மீ. கணக்கில் பரந்து கிடக்கிறது, அதோடு கீழே என்ற திசையும் அதற்கேற்பச் சாய்ந்துவிடுகிறது. ஈர்ப்பு குறைவதும் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவில்தான். உள்ளே வெற்றிடம் இருந்தால் இந்த அளவோடு நிற்காது. பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் 2023-இல் தந்த விளக்கம் இது: ஆப்பிரிக்காவின் ஆழத்திலிருந்து மேலெழும் சூடான, சற்று லேசான பாறை அந்தப் பகுதிக்கு அடியில் பரவியிருக்கிறது. இதுபற்றி விவாதம் இன்னும் நடக்கிறது.

ஹாலி கடைசியில் தன் கருத்தை மாற்றிக்கொண்டாரா?

இல்லை. 1736-இல், எண்பது வயதில், அவரை ஓர் ஓவியம் வரைந்தார்கள். கையில் ஒரு தாளைப் பிடித்திருக்கிறார். வால்நட்சத்திரத்தின் பாதை அல்ல அதில் இருப்பது. ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள், அவருடைய கூடு பூமி. 1742-இல் இறந்தார். பூமியை எடைபோடும் முயற்சியில் ஸ்காட்லாந்தின் ஷீஹாலியன் மலைச்சரிவில் தூக்குக்குண்டைக் கட்டி, மலை அதை எவ்வளவு இழுக்கிறது என்று அளந்தது 1774-இல். அந்த அளவுகளிலிருந்து, பூமி உள்ளே கூடாக இருக்க முடியாது என்று சார்லஸ் ஹட்டன் கணக்குப் போட்டு எழுதியது 1778-இல்.